பாஸ்டில் வீடா, லெய்த் வீடா?

வட இங்கிலாந்தின் பழைய கல் பண்ணைவீடுகளில் இந்த இரண்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்து எல்லையோரம், நார்தம்பர்லாந்துப் பக்கம், 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த பாஸ்டில் வீடுகளில் எல்லாமே மாடு திருட வரும் கொள்ளையரை மனதில் வைத்துச் செய்தவை: ஏறக்குறைய ஒரு மீட்டர் கனச் சுவர், கீழே மாடுகள், மேலே குடும்பம், ஏறிப்போக ஏணி, காற்று புக மட்டும் குறுகலான பிளவுகள். பல இடங்களில் இப்போது காணும் வெளிப்புறக் கல்படி பிற்காலச் சேர்க்கை.

யார்க்‌ஷயரின் பென்னைன் மலைச்சரிவில் இருக்கும் லெய்த் வீட்டில் அந்தப் பயமே இல்லை. வீடும் தொழுவமும் ஒரே கூரையின் கீழ் பக்கத்தில் பக்கத்தில், வைக்கோல் வண்டி நுழையப் பெரிய வளைவு வாசல், மனிதர்களுக்குத் தனிக் கதவு, அப்புறம் கல் சட்டத்தால் பிரித்த வரிசை ஜன்னல்கள்.

குடியிருக்கச் சொன்னால் வெளிச்சத்துக்காகவே லெய்த்தான். பார்க்கப் போவதென்றால் முதலில் நார்தம்பர்லாந்தில் இருக்கும் பிளாக் மிடன்ஸ் என்ற பாஸ்டில் வீட்டுக்குப் போங்கள்.