ஃப்ளூரோகார்பன் டிப்பெட்: முடிச்சில் தோற்கும் உறுதி

விலை குறைத்திருக்கிறார்கள், ஃப்ளூரோகார்பன் டிப்பெட் வாங்கி வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். செயற்கைப் பூச்சியை இரையாக இடும் ஃப்ளை மீன்பிடிப்பில், அந்தப் பூச்சியைக் கட்டும் கடைசி மெல்லிய தூண்டில் நரம்புதான் டிப்பெட்; ஃப்ளூரோகார்பன் அது செய்யப்படும் ஒரு பிளாஸ்டிக். நியூசிலாந்தின் டோங்காரிரோ ஆற்றில், குளிர்காலத்தில் டவுப்போ ஏரியிலிருந்து முட்டையிட ஏறிவரும் ரெயின்போ டிரவுட்டுக்காக, எடை கூடிய நிம்ஃபுகளை (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலச் செய்த, மூழ்கும் இரைகளை) ஆற்றின் அடியை ஒட்டி ஓடவிட்டே இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

மீனின் கண்ணுக்கு நரம்பு தெரியாது என்றுதான் விளம்பரங்கள் தொடங்குகின்றன. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கும் மேல் என்பது உண்மையே; தண்ணீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்க நரம்பு குறைவாகத் தெரியும். ஆயினும் தெளிந்த நீரில் வெயில் விழும்போது அது என் கண்ணுக்கே தெரிகிறது. நைலானை விட்டு இதற்கு மாறியதைவிட, ஓர் அளவு மெல்லிய நரம்புக்கு மாறியதே எனக்குக் கூடுதலாக மீன் தந்தது.

அதன் உண்மையான சிறப்பைக் கல்லில்தான் பார்க்க வேண்டும். பெரிய மீனொன்று பாறைகளுக்கு இடையே ஓடித் திரும்பிய பின், கடைசி ஒரு முழ நரம்பை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தால், நைலான் சொரசொரவென்று தட்டுப்படும் இடத்தில் இது பெரும்பாலும் வழுவழுப்பாகவே இருக்கும். நைலானைப் போல நீரை உறிஞ்சி ஊறிப்போவதில்லை என்பதால், காலையில் இருந்த உறுதி மாலையிலும் இருக்கிறது. அடர்த்தி நைலானுக்கு ஏறத்தாழ 1.15 என்றால் இதற்கு 1.78, நிம்ஃப் விரைவாக அடிக்கு இறங்க அதுவும் உதவுகிறது.

இத்தனை உறுதியும் முடிச்சில் வீணாவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. லீடர் (டிப்பெட்டை இணைக்கும் முந்தைய நரம்பு) நைலானாக இருந்தால், வழுக்கும் தன்மையும் கடினமும் கொண்ட இந்த நரம்பு மென்மையான நைலானை இறுக்கி வெட்டுகிறது, அல்லது நழுவிவிடுகிறது. மும்முறை சுற்றிய சர்ஜன் முடிச்சை எச்சிலால் நன்றாக நனைத்து, உராய்வில் சூடேறாதபடி மெதுவாக இறுக்கினாலும், மீன் முதல் பாய்ச்சலிலேயே அறுத்துக்கொண்டு போகும் நாள்கள் உண்டு. திரும்பி வரும் நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு நழுவியது என்று பொருள். இடையில் 2 மில்லிமீட்டர் டிப்பெட் வளையம் (சிறு உலோக வளையம்) வைத்து இரண்டையும் தனித்தனியே கட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்கிறது. நைலானைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு, அதைக் கட்டுவதற்கென்றே இன்னொரு பொருளும் வாங்க வேண்டியிருப்பது நியாயமாகப் படவில்லை.

கோடையில் டிரை ஃப்ளைக்கு (நீர்மேல் மிதக்கவிடும் செயற்கைப் பூச்சிக்கு) நான் இதைத் தொடுவதே இல்லை. அங்கே எளிதில் மூழ்காத நைலானே போதும். ஃப்ளூரோகார்பன் வெயிலிலும் எளிதில் சிதையாத பொருள் என்பதால், வெட்டிய துண்டு ஒவ்வொன்றையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

கல் நிறைந்த ஆற்றில் நிம்ஃப் இடுவதற்கு இதைவிட நல்ல நரம்பை நான் கண்டதில்லை. இருந்தும், சென்ற வாரம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மீன் முடிச்சோடு போன பிறகு, நண்பருக்கு நான் சொன்ன பதில், எவ்வளவு விலை குறைந்தாலும் இப்போது வாங்க வேண்டாம், 4எக்ஸ் தடிமன் நைலானே வாங்குங்கள் என்பதுதான்.