கால் வலிக்குப் பேரில்லாத பொடி தருகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்

அம்மா வருஷக்கணக்கில் தறி ஓட்டியவர். கொஞ்ச தூரம் நடந்தாலே புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். ஸ்கேனில் இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் எல்4-எல்5 ஜவ்வு தேய்ந்து, நரம்பு போகிற வழி குறுகியிருப்பதாக வந்தது.

"ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை" என்று பேனர் கட்டியிருந்த ஈரோட்டு மையம் ஒன்றுக்குப் போனோம். கோட் போட்டிருந்தவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "ஏனுங்கம்மா, இப்படியே உட்டா ஆறே மாசத்துல வீல்சேர்தானுங்க" என்றார். அறுபது தாண்டியவர்களில் வலியே இல்லாத பெரும்பாலானோருக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரியும் என்பதை வேறொரு டாக்டர்தான் பின்னால் சொன்னார். பேக்கேஜ் 38,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. எண்ணெய் ஒத்தடம், பெல்ட், அப்புறம் லேபிளே இல்லாத ஜிப் கவரில் ஒரு பழுப்புப் பொடி.

பொடி தின்ற மூன்றாம் நாளே வலி காணோம். "கண்ணு, கால் எனக்குத்தானான்னு இருக்குது" என்று சந்தைக்கே நடந்து போனார். பசி எடுத்தது, கன்னம் உப்பியது. சொந்தக்காரர்கள், "நல்லாத் தேறிட்டீங்க" என்றார்கள். தேறவில்லை, வீங்கியிருக்கிறார். கட்டுக்குள் இருந்த சர்க்கரை 340-க்கு ஏறியது.

சர்க்கரை டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, "நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார். காலையில் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசோல், அதாவது உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு, அடிமட்டத்தில் இருந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வருவதால் உடம்பு தானே சுரப்பதைக் குறைத்துவிட்டது என்றார். அந்தக் குறையை ஈடுகட்ட மாத்திரை கொடுத்து, அதன் அளவை மெல்ல மெல்லக் குறைத்தார்.

மையத்தில் கேட்டால், "மூலிகைங்க, சைடு எஃபெக்டே கெடையாது." பில்லில் பிசியோதெரபி என்று மட்டும் இருக்கிறது, பொடியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பணமும் வரவில்லை. கவரோடு மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. முறையாகத் தயாரித்து விற்கிற சித்த மருந்தில் உட்பொருள், லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் போனாலோ எந்த மையத்துக்கும் போகாதீர்கள்; அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மாதிரிப் பொடியைக் கொஞ்ச நாளாகத் தின்றுகொண்டிருப்பவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் போடும், உயிருக்கே ஆபத்தாகலாம். கவரை எடுத்துக்கொண்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.