லெஃப்காராவில் லேஸ் வாங்கப் போகிறீர்களா?

சைப்ரஸ் தீவில், ட்ரோடோஸ் மலைச்சரிவில் இருக்கிற சின்ன ஊர் லெஃப்காரா. கையால் செய்யும் லேஸுக்குப் பேர்போனது. 2009-ல் யுனெஸ்கோ அந்த வேலைப்பாட்டைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். மகளோடு சைப்ரஸ் போனதே இந்த ஊருக்காகத்தான்.

நான் வாங்கிய கடை கல் பாவிய சந்து ஒன்றில் இருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டு, கடைக்கார அம்மாவே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். லினன் துணியில் இழைகளை எண்ணுகிறார், சிலவற்றை வெட்டி உருவுகிறார், அப்புறம் அந்த இடைவெளியை ஊசியாலேயே நிரப்புகிறார். பொட்டாமோஸ் என்று அவர்கள் சொல்கிற, மேலும் கீழுமாக ஏறி இறங்கும் கோலம் விரல் அகலத்துக்கு நகரவே வெகுநேரம் பிடித்தது. நானும் தையல்காரி என்று மகள் சொன்னதும் என் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார். அந்த மரியாதையை மறக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் துணியைத் திருப்பிப் பார்த்தால்தான் வேலை தெரியும். திருப்பினேன். முடிச்சு இல்லை, தொங்கும் நூல் இல்லை, எது முன்பக்கம் என்றே சொல்ல முடியவில்லை. உள்ளங்கை அகலத் துணி 20 யூரோ, ரிங்கிட்டில் நூறு பக்கம் வரும். விலை அதிகம் என்று நினைக்காதீர்கள், அந்த உழைப்புக்குக் குறைவுதான். தயவுசெய்து பேரம் பேச வேண்டாம்.

ஆனால் அந்த ஊரில் தொங்குகிற எல்லாமே கைவேலை இல்லை. பெரிய மேசைவிரிப்பை மலிவாகத் தந்தால் அது மெஷின் சரக்காக இருக்கும். தையல் எங்கும் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். யார் தைத்தது என்றும் கேளுங்கள், கைவேலை விற்பவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். வெள்ளிக் கம்பி நகைகளும் அந்த ஊரில் பிரசித்தம், நேரம் இருந்தால் பாருங்கள்.

இங்கிருந்து துபாய் வழியாக சைப்ரஸின் லார்னகா விமான நிலையத்துக்குப் போகலாம். அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பது நல்லது. நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், பிளக்கும் நம் மூன்று முனைப் பிளக்தான். சந்துகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், முட்டிவலி உள்ளவர்கள் நல்ல சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய துணியைக் கையால் துவையுங்கள், வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள்.