925 வெள்ளிக் கம்பின்னு அனுப்பினது முலாம் பூசின செம்பு! மணி கோர்க்கிறவங்க கவனம்

கோபம் அடங்கலை, அதோடயே எழுதுறேன். நகை செய்யிற சாமான்கள் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில், அங்கே கடை போட்டிருக்கிற ஒருத்தர்கிட்ட என் அரை மாதச் சம்பளம் போச்சு. 24 கேஜ் (கம்பியோட கனத்துக்கான அளவு) ஸ்டெர்லிங் வெள்ளிக் கம்பி, செயின், கொக்கி எல்லாம் சேர்த்து. ஸ்டெர்லிங்னா ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, அதைத்தான் 925ன்னு சொல்றது. மணி கோர்த்த பிரேஸ்லெட்டுக்கு ஆர்டர் எடுத்துட்டு, அதை நம்பி வாங்கினது.

வாங்கும் முன்னாடியே நேராக் கேட்டேன்: "முழு வெள்ளியா, முலாமா?" "சுத்தமான 925 மேடம், வீடியோ அனுப்புறேன் பாருங்க"ன்னார். வீடியோவில் கம்பிச் சுருள் மேல காந்தத்தை வச்சு வச்சு எடுத்தார். ஒட்டலை. கொக்கியில் இருந்த 925 முத்திரையையும் கிட்டக் கொண்டுவந்து காட்டினார். நாம கேட்காததையும் காட்டுறாரே, நேர்மையான ஆள்தான்னு அந்த நிமிஷம் நம்பிப் பணம் போட்டேன். செம்பிலும் காந்தம் ஒட்டாதுங்க! அது தெரிஞ்சேதான் அந்த வீடியோவை எடுத்து வச்சிருக்கான். முத்திரை கொக்கிக்குத்தான், கம்பிக்கு இல்லை.

மணியைக் கோர்த்து, வட்டமூக்குக் கொறடால் வளையம் போட்டு, அடியில் கம்பியை இறுக்கிச் சுத்தி, மிச்சத்தை நறுக்கினா முனை செக்கச்செவேல்னு இருக்கு. கொறடு பிடிச்ச இடமெல்லாம் வெள்ளை உரிஞ்சு வருது. ஸ்டெர்லிங்கிலும் 7.5 சதவீதம் வேற உலோகம் உண்டு, பெரும்பாலும் செம்புதான். ஆனா அது உருக்கிக் கலந்தது. எங்கே வெட்டினாலும் உள்ளேயும் வெள்ளையாத்தான் இருக்கும்.

கேட்டதுக்கு முதல் பதில்: "வெள்ளின்னா நிறம் மாறத்தான் செய்யும் மேடம்." காத்துப் பட்டு வெள்ளி கறுக்கும், வெட்டின நொடியே சிவக்குமா? அடுத்தது: "நீங்க வெட்டிட்டீங்க, வெட்டின கம்பியைத் திருப்பி எடுக்க மாட்டோம்." வெட்டாம எப்படிங்க உள்ளே இருக்கிறது தெரியும்? தளத்தில் புகார் போட்டேன். விற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள்னு பதில் வந்தது, புகாரையும் மூடிட்டாங்க. அரை மாதச் சம்பளம்! ஆர்டர் கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?

விவரமா எழுதத்தான் நினைச்சேன், இப்போ முடியலை. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. காந்தச் சோதனையை நம்பாதீங்க. சுருளைப் பிரிக்கும் முன்னாடி எடை போடுங்க: 24 கேஜ், அதாவது அரை மில்லிமீட்டர் கம்பி, 10 மீட்டர்னா ஸ்டெர்லிங்கில் சுமார் 21 கிராம் வரணும், செம்புன்னா 18 கிட்டதான் வரும். ஓரத்தில் ஒரு துளி மட்டும் நறுக்கிப் பாருங்க, வீடியோ எடுத்துக்கிட்டே. "சில்வர் பிளேட்டட்" (மேலே மெல்லிசா வெள்ளி முலாம்), "சில்வர் ஃபில்டு" (வேற உலோகத்து மேல கொஞ்சம் தடிமனா வெள்ளிப் படலம்) ரெண்டும் முழு வெள்ளி இல்லை. "முழுக்க ஸ்டெர்லிங்"னு பில்லிலேயே எழுதித் தராதவன்கிட்ட அரை மாதச் சம்பளத்தைக் கொடுக்காதீங்க. அந்தக் காந்த வீடியோ உங்களுக்கும் வந்தா உடனே பிளாக் பண்ணிடுங்க.