சிவப்பு நூல் கட்டிய டொங்கிள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு சின்ன எம்பிராய்டரிக் கடை. பாடசாலை பட்ஜ், கிரிக்கெட் கழகச் சின்னம், திருவிழாத் தொண்டர்களின் டீசேர்ட், இவைதான் வேலை. தையல் வடிவம் போடும் மென்பொருளை 2008இல் வாங்கியபோது கூடவே ஊதா நிற யூஎஸ்பி டொங்கிள் ஒன்று தந்தார்கள். ஹாஸ்ப் எச்எல் வகை. அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். தொலைந்தால் முழுவதையும் திரும்ப வாங்க வேண்டும். அம்மா பயந்து அதில் சிவப்பு நூல் கட்டிவிட்டார்.

எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7இலும் தொல்லையே இல்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் பழைய கணினியின் மதர்போர்ட் போனது. விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினியில் பழைய சிடியிலிருந்த டிரைவரை, அதாவது டொங்கிளை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் மென்பொருளைப் போட்டேன். பாதியில் பிழைச் செய்தி. டொங்கிளைச் செருகினால் விளக்கு எரியவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. பார்க்க வந்த பெடியன், "அண்ணை, இது செத்துப்போச்சு, புதுசு எடுங்கோ" என்றான். மென்பொருள் விற்றவர்களோ அந்தப் பதிப்பையே கைவிட்டிருந்தார்கள்.

டொங்கிள் சாகவில்லை. டிரைவர்தான் பழசு. அதைத் தேடுவதிலேயே பாதி நாள் போனது, ஏனென்றால் பெட்டியில் இருந்த பெயர் அலாடின். அந்த நிறுவனம் 2009இல் சேஃப்நெட்டிடம் போய், பிறகு ஜெமால்ட்டோ, 2019 முதல் தாலெஸ் என்று கைமாறியிருக்கிறது. புது டிரைவருக்கு இப்போது தேட வேண்டிய பெயர் சென்டினல் எல்டிகே ரன்டைம்.

முதலில் டொங்கிளைக் கழற்றிவிட்டு, நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, நிறுவும் கோப்பைப் பர்ஜ் கட்டளையோடு ஓடவிட்டேன். சிடி விட்டுச்சென்ற மிச்சங்களைத் துடைக்கத்தான். கணினியை மறுபடி தொடக்கி, புது ரன்டைம் போட்டு, கடைசியாக டொங்கிளைச் செருகினேன். விளக்கு எரிந்தது! விண்டோஸின் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைத்துவிட்டுப் பழைய டிரைவரையே போடச் சொன்னவர்களும் உண்டு. கடைக் கணக்கும் இதே கணினியில், நான் அணைக்கவில்லை. புது ரன்டைமுக்கு அது தேவைப்படவும் இல்லை.

விளக்கை மட்டும் நம்பாதீர்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் localhost:1947 என்று அடித்தால் செருகியுள்ள டொங்கிள்களின் பட்டியல் வரும். (எண் மறக்காது: இலங்கைச் சுதந்திரத்துக்கு ஒரு வருடம் முன்.) பக்கமே திறக்காவிட்டால் லைசென்ஸ் மேனேஜர் சேவை நின்றிருக்கும்; விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் போய்த் திரும்பத் தொடக்கினால் சரி.

அதன்பின் இரண்டு தடவை டொங்கிள் மக்கர் பண்ணியது. ஒன்று, பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின். ரன்டைமைத் திரும்பப் போட்டதும் தீர்ந்தது. மற்றது கடற்காற்று செய்த வேலை. முனைகள் கறுத்திருந்தன. பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்தேன், அவ்வளவுதான். ரன்டைம் கோப்பு இப்போது ஒரு பென்டிரைவில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதற்கும் அம்மா நூல் கட்டியாயிற்று.