பழைய தேக்கும் டேபிள் சாவும்: கையால் செய்த ஜிக்குகளில் எது தாங்கும்?

காரைக்குடிப் பக்கம் வீடு பிரித்த பர்மா தேக்கை டேபிள் சாவில் (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழலும் மெஷின்) அறுக்கிற பட்டறைகளில், மெஷினோடு வரும் பிளாஸ்டிக் தள்ளுகோலை மட்டும் நம்புவது போதாது. ஜிக்குகள், அதாவது மரத்தைத் தள்ளவும் பிடிக்கவும் நாமே செய்துகொள்ளும் துணைச் சாதனங்களும் வேண்டும். நாள்பட ஓட்டிப் பார்த்தால் இது விளங்கிவிடும். உத்தரத்தை நீளவாக்கில் பிளக்கும்போது மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் விடுபட்டு, அறுத்த வாய் சில சமயம் மூடிக்கொள்ளும். மூடினால் பிளேடின் பின்பக்கப் பற்கள் மரத்தை மேலே தூக்கி, ஆள் நிற்கும் பக்கமே எறியும். கோல் மரத்தின் வாலைத் தள்ளுமே தவிர அமுக்காது.

அமுக்கித் தள்ளக் குதி வைத்த கட்டைதான் சரி. 18 மி.மீ. பிளைவுட்டில் 300 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், பின்முனையில் 6 மி.மீ. கீழே இறங்கும் குதி, கைப்பிடி உச்சியில். அடிப்பகுதியைப் பிளேடு அறுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் அங்கே ஸ்க்ரூ, ஆணி எதுவும் கூடாது, பசை மட்டும். குதி மழுங்கினால் மரத்தின் மேல் வழுக்கி ஏறிவிடும். அந்தக் குதித் துண்டை மட்டும் மாற்றினால் போதும். தனிக்கோல் வேண்டுமென்றால் 12 மி.மீ. பிளைவுட்டில் 350 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். மிச்சத் தேக்குத் துண்டில் செய்தால் நார்வாக்கில் பிளந்துவிடும், அதுவும் கை பிளேடுக்கு அருகில் இருக்கும்போதுதான்.

எந்த ஜிக்கையும்விட முக்கியம் பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த வாய் மூடாமல் தடுக்கும் தகடான ரைவிங் நைஃப். பிளேடின் தகட்டைவிடத் தடிமனாக, பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். 2.4 மி.மீ. அறுக்கும் மெல்லிய பிளேடு போட்டுவிட்டு 2.5 மி.மீ. நைஃபை அப்படியே விட்டால் மரம் பாதியில் சிக்கும். 'மெஷின் இழுக்கவில்லை' என்று நைஃபைக் கழற்றி வீசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கட்டிங் மெஷினைத் தலைகீழாகப் பூட்டிய மேசைகளில் நைஃபே கிடையாது. அதில் தடித்த தேக்கைப் பிளக்காமல் இருப்பதே மேல்.

ஃபெதர்போர்டு என்பது மரத்தைப் பக்கவாட்டில் அமுக்கிப் பிடிக்க, சீப்புப்போல் விரல்கள் வெட்டிய பலகை. அதன் விரல்கள் பிளேடுக்கு முன்னாலேயே முடிய வேண்டும். பிளேடுக்கு நேராக வைத்தால் அதுவே வாயை அமுக்கி மூடும்.

குறுக்கே வெட்ட மரத்தை ஏற்றித் தள்ளும் பலகையான ஸ்லெடில் தொல்லை தருவது ரன்னர், அதாவது மேசையின் பள்ளத்தில் ஓடும் அடிச்சட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மர ரன்னர் ஊதிப் பள்ளத்தில் இறுகும், பங்குனியில் ஆடும். ஆட்டத்தோடு வெட்டினால் மூலைமட்டம் பொய் சொல்லும், பிளேடும் கவ்வும். மழைக்காலத்தில் இறுகும் இடத்தை மட்டும் சுரண்டி மெழுகுவர்த்தி தேயுங்கள். முழுதாக இழைத்துவிட்டால் வெயிலில் வீண். அலுமினிய ரன்னருக்குக் காசு கூட, ஆனால் இந்த வம்பு இல்லை. பிளேடு வெளிவரும் இடத்தில் ஸ்லெடின் பின்பலகையோடு ஒரு தடித்த கட்டை ஒட்டுவது கட்டாயம், விரலுக்கு அதுதான் வேலி.

அறுக்குமுன் காந்தத்தை மரம் முழுக்க ஓட்டுங்கள். பித்தளை ஆணியைக் காந்தம் காட்டாது. பச்சைக் கறை தெரிந்தால் உளியால் தோண்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்காவிட்டால் பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடுக்குக் கூடுதலாக அமுக்க வேண்டிவரும், வழுக்கினால் கை போகிற இடம் பிளேடுதான்.

கையுறை, கழுத்துத் துண்டு, தொங்கும் கைலி மூன்றும் வேண்டாம். வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகினால் மரத்தைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அமுக்கிப் பிடித்தபடியே நிறுத்துங்கள். அதற்காகவே ஆஃப் பட்டன்மேல் கீல் போட்ட பிளைவுட் பலகை ஒன்றை முழங்கால் உயரம்வரை தொங்கவிடலாம். முழங்காலால் தள்ளி அணைத்தால் எந்தக் கையையும் மரத்திலிருந்து எடுக்க வேண்டியிராது.