மின்சார ஸ்கூட்டர்: மானியமா, வரிச்சலுகையா?

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்று தீர்மானித்தபோது வீட்டில் எழுந்த விவாதம் எந்த வண்டி என்பதில் அல்ல. மானியம் குறைவதற்குள் அவசரமாக வாங்குவதா, கைக்குக் காசு சேர்ந்த பிறகு நிதானமாக வாங்குவதா என்பதில்தான். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். வரிச்சலுகை இருந்ததால்தான் அப்படிக் காத்திருக்க முடிந்தது.

மானியம், வரிச்சலுகை இரண்டுமே வாங்கும் விலையைக் குறைப்பவை. பெட்ரோல் செலவு மிச்சம், புகை இல்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு முடிவைத் தந்தது ஒன்றே ஒன்று: நாளைக்கும் அது இருக்கும் என்று நம்பலாமா?

ஆலை விலை (வரி சேர்க்கும் முன்) 1.2 லட்சம், பேட்டரி 3 கிலோவாட் மணி என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மின்வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 மானியத் திட்டத்தில் 2021 ஜூன் முதல் கிலோவாட் மணிக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய் மானியம். 2023 ஜூனில் மானியத்தின் உச்சவரம்பை ஆலை விலையில் 15 விழுக்காடாகக் குறைத்ததும் அது 18,000 ஆனது. 2024 ஏப்ரலில் 10,000. பின்னர் வந்த மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் இரண்டாம் ஆண்டான 2025 ஏப்ரலில் 5,000. நான்கே ஆண்டுகளில் ஒன்பதில் ஒரு பங்கு! இப்படிச் சரிந்துகொண்டே போகும் தொகையை நம்பி ஒரு குடும்பம் எப்படித் தவணை போடும்? போதாக்குறைக்கு, மானியத்துக்கான விலை வரம்பைத் தாண்டாமலிருக்கச் சில நிறுவனங்கள் சார்ஜருக்குத் தனியாகக் காசு வாங்கி, பிறகு திருப்பிக் கொடுக்க நேர்ந்த கூத்தும் நடந்தது.

மின்வண்டிக்கான ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டில் 12-லிருந்து 5 விழுக்காடானது. அதன்பின் மாறவில்லை. அதே 1.2 லட்சத்துக்கு 6,000 ரூபாய்தான் வரி. பெட்ரோல் வண்டிக்கு 28 விழுக்காடு இருந்தபோது 33,600. 2025 செப்டம்பர் 22-இல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 18 ஆக்கியதால் 21,600. இடைவெளி சுருங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் 15,600 ரூபாய் நிற்கிறது, அந்த 5,000 மானியத்தைப் போல மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் சேர்ந்தால் இன்னும் பெரிய தொகை. இதற்கு விண்ணப்பம், முகவரின் தயவு எதுவும் வேண்டாம். பில்லிலேயே தெரிகிறது.

ஜெர்மனி 2023 டிசம்பரில் ஒரே நாள் அவகாசத்தில் மானியத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மின்கார் விற்பனை கால்வாசிக்கு மேல் சரிந்தது. நார்வேயோ 2001-லிருந்து மின்கார்களுக்கு 25 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியை விலக்கி வைத்து, 2023-இல்தான் விலையுயர்ந்த கார்களுக்கு வரம்பு கொண்டுவந்தது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள்.

மானியத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வரிச்சலுகையில் விலை கூடக் கூட லாபமும் கூடும். அரைக் கோடி ரூபாய் கார் வாங்குபவருக்கு என்னைவிடப் பல மடங்கு கிடைக்கும். மானியத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஆட்டோ ஓட்டுநர்களின் கணக்கும் வேறு. முன்பணம் புரட்டுவதே அவர்களுக்குப் பெரும்பாடு என்பதால், வரியைவிட மானியம் உதவக்கூடும். நான் ஆட்டோ வாங்கியதில்லை, உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மட்டுமாவது மானியம் கிடைக்கட்டும், எந்த ஆண்டில் எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு.